கேட்டுத்தான் வரவேண்டும்

பிசாசைப் பற்றி நான் அதிகமாகக் கேட்டது யாழ்ப்பாணத்தில் அல்ல, சுவிற்சர்லாந்தில்தான். 1990களின் நடுவில் நாங்கள் எம்மன்புரூக்கேயில் இருந்தோம். லுட்சேர்ன் நகரத்தை ஒட்டிய தொழிற்சாலை ஊர் அது. ஒரு பக்கம் உருக்காலை, இன்னொரு பக்கம் செயற்கைப் பட்டுநூல் ஆலை. எங்களுக்கு முன்னரே இத்தாலியரும் யூகோஸ்லாவியரும் அந்த ஆலைகளை நம்பி வந்து குடியேறியிருந்தார்கள். வாடகை மட்டாக இருந்ததால், லுட்சேர்ன் உணவகங்களில் கோப்பை கழுவிய எங்கள் பெடியளும் அங்கேயே வீடெடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை இரவுகளில் செபக்கூட்டம் நடக்கும். அமெரிக்கன் மிஷன் வழியில் வந்த தென்னிந்தியத் திருச்சபைக்காரர், மெதடிஸ்த சபையார், கத்தோலிக்கர், சைவக் குடும்பத்தில் பிறந்து இங்கே வந்தபின் விசுவாசத்துக்குள் வந்தவர்கள் என்று எல்லாருமாக ஒரு வீட்டு வரவேற்பறையில் பாயை விரித்து உட்காருவோம். சமையலறை வேலை முடித்து வருகிறவர்களின் சட்டையில் பொரித்த எண்ணெய் மணக்கும். குழந்தைகள் தாய்மாரின் மடியில் நித்திரையாகிவிடுவார்கள். பாட்டுகள் முடிந்ததும் சாட்சி சொல்லும் நேரம். அப்போதுதான் பிசாசு பேச்சுக்குள் வருவான்.

அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டால் அது பிசாசின் வேலை. முதலாளி சம்பளத்தைப் பிடித்து வைத்தால் அதுவும் அவன் வேலை. கொழும்பில் நிற்கிற மனைவிக்கு விசா இழுபட்டாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் விடாவிட்டாலும், புருஷன் குடித்துவிட்டு வந்தாலும் எல்லாவற்றுக்கும் அவனே காரணம். பிறகு எல்லாரும் எழுந்து நின்று அவனைக் கட்டுவோம், கடிந்துகொள்வோம், துரத்துவோம். கர்த்தரோடு பேசிய நேரத்தைவிடப் பிசாசோடு பேசிய நேரம் அதிகமாக இருந்த இரவுகளும் உண்டு.

அந்தப் பயம் ஊரிலிருந்தே எங்களோடு வந்தது. உச்சி வெயிலில் பனங்காணிக்குள் போகாதே, முனி அடிக்கும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். சுடலை ஒழுங்கையால் போய் வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், வைத்தியரிடம் காட்டுவதற்கு முன்னர் நூல் கட்டுவார்கள். வேதக்கார வீடுகளும் இதற்கு விலக்கல்ல. வாசல் நிலையில் சிலுவை தொங்கும், பெட்டகத்துக்குள் செய்வினைக்கான பரிகாரமும் இருக்கும். சுவிசுக்கு வந்த பிறகும், ரெலிபோன் காட் வாங்கி ஊரிலுள்ள சாத்திரியிடம் யார் சூனியம் வைத்தது என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். பரலோகத்தில் ஒரு ராஜா, அவருக்குச் சமமாகப் பாதாளத்தில் இன்னொரு ராஜா, இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்ட மனிதர். எங்கள் மனதில் இருந்த உலகப்படம் இதுதான்.

அந்தப் படத்தை மாற்றியவர் மாஸ்ரர். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு, மகனோடு எம்மன்புரூக்கேக்கு வந்தவர். மெலிந்த உடம்பு, குளிருக்கு எந்நேரமும் கழுத்தில் சால்வை. அவருடைய வேதாகமத்தின் அட்டை பிய்ந்து, பழைய காற்சட்டைத் துணி ஒட்டித் தைத்திருந்தது. பல மாதங்கள் பேசாமல் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் கூட்டத்தை நடத்தும்படி கேட்டபோது யோபுவின் புத்தகத்தைத் திறந்தார்.

"தேவபுத்திரர் சந்நிதியில நிக்கிற நாளில சாத்தானும் அங்க வந்து நிக்கிறான். ஏன் வந்தவன்? யோபுவைத் தொட அவனுக்கு அனுமதி வேணும். கேட்டுத்தான் வரவேணும். கேளாமல் யோபுவின்ர ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அவனால தொட ஏலாது."

பிறகு எங்களையே வாசிக்கச் சொன்னார். முதல் முறை சொத்தைத் தொடலாம், ஆளைத் தொடக்கூடாது. இரண்டாம் முறை உடம்பைத் தொடலாம், உயிரைத் தொடக்கூடாது. இரண்டு தடவையும் எல்லையைக் கீறியவர் கர்த்தர். இரண்டு தடவையும் அந்த எல்லைக்குள்தான் சாத்தான் நின்றான். "இந்தப் புத்தகத்தில 42 அதிகாரம். சாத்தான் எத்தினை அதிகாரத்தில இருக்கிறான்?" என்று கேட்டார். தாள்களைப் புரட்டிப் பார்த்தோம். முதல் இரண்டு அதிகாரங்களில் மட்டும். அதற்குப் பிறகு அவன் பெயரே இல்லை. யோபு தன் வழக்கை அவனோடு பேசவே இல்லை. புலம்பியதும் கோபித்ததும் விடை கேட்டதும் கர்த்தரிடம்தான். சுழல்காற்றிலிருந்து பேசிய கர்த்தரும் சாத்தான்மீது பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கவில்லை.

பைபிளை நான் சிறுவயதிலிருந்து வாசித்திருக்கிறேன். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு அதே பக்கங்கள் வேறு மாதிரித் தெரிந்தன. கெரசேனர் நாட்டில் லேகியோன் பிடித்த மனிதனைக் கண்ட இடத்தில், அந்தக் கூட்டப் பிசாசுகள் பன்றிகளுக்குள் போவதற்கே இயேசுவிடம் உத்தரவு கேட்டு வேண்டிக்கொள்கின்றன. ஏறக்குறைய 2000 பன்றிகள். ஒரு பன்றிக்குள் போகவும் சொந்த அதிகாரம் இல்லாதவை அவை. பேதுருவைச் சுளகில் கோதுமை புடைப்பதுபோலப் புடைக்க வேண்டும் என்று சாத்தான் கேட்டுக்கொண்டதாக இயேசு சொல்கிறார். அவன் கேட்டதைச் சொன்ன அதே மூச்சில், பேதுருவின் விசுவாசம் அற்றுப் போகாதபடி தாம் ஏற்கெனவே வேண்டிக்கொண்டதையும் சொல்கிறார். பவுலின் மாம்சத்தில் இருந்த முள் சாத்தானுடைய தூதன் என்று அவரே எழுதுகிறார். ஆனால் அந்த முள் பவுலைப் பெருமையிலிருந்து காத்தது. பெருமையிலிருந்து காப்பது எந்தக் காலத்திலும் சாத்தானுடைய நோக்கமாக இருந்திருக்க முடியாது. அவன் குத்தினான், அந்தக் குத்தைக் கர்த்தர் தம்முடைய வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

இது மாஸ்ரர் கண்டுபிடித்த உபதேசம் அல்ல. இரண்டு சமமான சக்திகள் உலகத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன என்று போதித்த மானிகேயரோடு அகுஸ்தீனார் ஒன்பது வருடங்கள் இருந்தார். அதை விட்டு வெளியே வந்த பிறகு, தீமைக்குத் தனியான ஒரு தெய்வம் இல்லை என்பதை வாழ்நாள் முழுவதும் எழுதினார். பிசாசும் கடவுளால் நல்லவனாகப் படைக்கப்பட்டவனே, தன் செயலால் கெட்டவன் ஆனான் என்று 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் அறிக்கையிட்டது. 16ஆம் நூற்றாண்டில், இதே சுவிசின் மேற்குக் கோடியிலிருக்கும் ஜெனீவாவில், ஜோன் கல்வின் தன்னுடைய பெரிய நூலில் இதையே விரிவாக எழுதினார். கர்த்தருடைய சித்தத்துக்கு விரோதமாகவே பிசாசு எல்லாவற்றையும் செய்யப் பார்க்கிறான், ஆனால் அவருடைய கடிவாளத்துக்கு வெளியே ஒன்றும் செய்ய முடியாது என்பது அவர் வாதம். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் பல காரியங்களில் சண்டை பிடித்தாலும் இந்த ஒன்றில் ஒரே பக்கம்தான் நின்றார்கள். பல சபைகளிலிருந்து வந்து ஒரே பாயில் உட்கார்ந்த எங்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

எம்மன்புரூக்கேயிலிருந்து தெற்கே பார்த்தால் பிலாத்துஸ் மலை தெரியும். 2,128 மீற்றர் உயரம். இயேசுவை மரணத்துக்கு ஒப்புக்கொடுத்த பொந்தியு பிலாத்துவின் ஆவி அங்கேயுள்ள சிறு ஏரியில் அடைபட்டிருக்கிறது, யாராவது கல்லெறிந்தால் எழும்பிப் புயலைக் கொண்டுவரும் என்று லுட்சேர்ன் மக்கள் நூற்றாண்டுகளாக நம்பினார்கள். மலைக்குப் போவதற்கு நகர ஆட்சியே தடை விதித்திருந்தது. 1387இல் தடையை மீறிய ஆறு குருக்கள் சிறைக்குப் போனார்கள். 1585இல் லுட்சேர்ன் பங்குக்குரு யொகான் முல்லர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலையேறினார். ஏரிக்குள் கல்லெறிந்து, பிலாத்துவை எழும்பிவரச் சொல்லிக் கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை. 1594இல் ஏரியின் கரையை வெட்டித் தண்ணீரையும் வடியவிட்டார்கள். எங்களுடைய முனிப் பயத்துக்கு ஐரோப்பாவிலும் உறவினர் இருந்தார்கள் என்பதை இந்தக் கதை எனக்குக் காட்டியது. அந்தப் பயத்தை முறிக்க முன்னால் நடந்து போனவர் ஒரு குரு என்பது எனக்கு இன்னும் முக்கியம். கடவுளை முழுமையாக நம்புகிறவன் ஏரிக்கு ஏன் பயப்பட வேண்டும்?

ஒரு கோடை விடுமுறையில் மாஸ்ரரையும் கூட்டிக்கொண்டு கொத்தார்ட் பக்கம் போனோம். அங்கேதான் ரொய்ஸ் ஆறு தொடங்குகிறது. மலைகளிலிருந்து இறங்கி, லுட்சேர்ன் ஏரிக்குள் விழுந்து, நகரத்தினூடே வெளியேறி எம்மன்புரூக்கேக்கு வருகிற அதே தண்ணீர், ஷொல்லெனன் பள்ளத்தாக்கில் பாறைகளில் மோதி வெள்ளை நுரையாகப் பாய்கிறது. பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அங்கே நிற்கிறது பிசாசுப் பாலம்.

அதன் கதை சுவிஸ் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். இந்தப் பாறையிடுக்கில் ஊரி மாநிலத்து மக்களால் பாலம் கட்ட முடியவில்லை. பிசாசு வந்து கட்டித் தந்தான். கூலியாக, பாலத்தை முதலில் கடக்கிற உயிர் தனக்கு வேண்டும் என்றான். மக்கள் ஓர் ஆட்டுக்கடாவைத் துரத்திவிட்டார்கள். ஏமாந்த பிசாசு கோபத்தில் பாலத்தை உடைக்கப் பெரிய பாறையொன்றைத் தூக்கி வந்தான். வழியில் ஒரு கிழவி அந்தப் பாறையில் சிலுவை ஒன்றைக் கீறிவிட, அதற்குமேல் அவனால் அதைத் தூக்க முடியவில்லை. அந்தப் பாறை என்று சொல்லப்படுவது கீழே கொஷெனனில் இன்றும் நிற்கிறது. ஏறக்குறைய 220 தொன் எடை. நெடுஞ்சாலை போட்டபோது அதை உடைக்க மனமில்லாமல், 1977இல் 127 மீற்றர் நகர்த்தி வைத்தார்கள். பாலத்துக்குப் பக்கத்துப் பாறைச் சுவரில் ஹைன்றிஷ் டானியொத் 1950இல் வரைந்த சிவப்புப் பிசாசையும் ஆட்டையும் பிள்ளைகள் விரலால் காட்டிச் சிரித்தார்கள்.

மாஸ்ரர் நெடுநேரம் அந்த ஓவியத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது ரயிலில் சொன்னார்:

"கதையில கிழவிதான் சரி, ஆட்டைத் துரத்தினவை பிழை. பிசாசோட பேரம் பேசி, கெட்டித்தனத்தால அவனை வெல்லலாம் எண்டு நினைக்கிறது மனிசற்ர பெருமை. கிழவி பேரமும் பேசேல்லை, சண்டையும் பிடிக்கேல்லை. சிலுவையைக் கீறினா. கல்லுப் பாரமாப் போச்சுது. அவ்வளவுதான்."

பிசாசு இல்லை என்று மாஸ்ரர் ஒருபோதும் சொன்னதில்லை. கெர்ச்சிக்கிற சிங்கம்போல அவன் சுற்றித் திரிகிறான் என்று பேதுரு எழுதியதை அவர் முழுதாக நம்பினார். தனக்குக் கொஞ்சக் காலந்தான் உண்டென்று அறிந்து அவன் மிகுந்த கோபத்தோடு இறங்கியிருப்பதாக வெளிப்படுத்தல் சொல்வதையும் நம்பினார். அவர் மறுத்தது அவனைப் பெரியவனாக்குவதை. எங்களோடிருந்த ஓர் இளைஞன் மாதக்கணக்கில் நித்திரையில்லாமல், சாப்பிடாமல், தன்னோடு யாரோ பேசுவதாகச் சொல்லத் தொடங்கியபோது, பிசாசு பிடித்துவிட்டது, உபவாசமிருந்து விரட்டுவோம் என்று சிலர் நின்றாலும், மாஸ்ரர் அவனை மனநல வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று நின்றார். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாரோ முணுமுணுத்தபோது, சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தான் என்றார். ஒவ்வொரு முறையும் மொழிபெயர்க்கத் தன் மகனையும் அனுப்பி, தானும் கூடப் போனார். வாசலில் காத்திருந்து செபித்தார். பையன் மெல்ல மெல்லத் தேறினான். அந்த நாட்களில் அவனுக்குக் கிடைத்த மருந்தும் மாஸ்ரரின் செபமும் ஒரே கையிலிருந்து வந்தவை என்று நான் நம்புகிறேன்.

ஆனால் கர்த்தரின் ஆளுகையைப் பற்றிப் பேசுகிற எவரும் ஒரு கேள்விக்கு முன்னால் வந்து நின்றே ஆகவேண்டும். எங்களுக்கு அது 1995 யூலையில் வந்தது.

அந்த மாதம் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இலங்கை இராணுவம் முன்னேறத் தொடங்கியது. ஷெல்லடிக்குள் அகப்பட்ட மக்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு நவாலிப் பக்கம் ஓடினார்கள். கோயில்களும் தேவாலயங்களும் பாதுகாப்பு என்று நம்பினார்கள். நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்துக்குள்ளும் வளவுக்குள்ளும் சனம் நிறைந்திருந்தது. மாலையில் விமானம் வந்து குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். பிபிசி தமிழோசையில் செய்தி கேட்டு, தொலைபேசித் தொடர்பும் இல்லாமல், யாருடைய ஆட்கள் இருக்கிறார்கள், யாருடைய ஆட்கள் இல்லை என்று தெரியாமல் நாங்கள் எம்மன்புரூக்கேயில் பல நாட்கள் கிடந்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு ஓர் அக்கா வந்தார். அவருடைய சொந்தத் தங்கை அந்த வளவுக்குள் இருந்தவர் என்று பிறகு உறுதியானது. அன்றைக்கு அவர் அழவில்லை. மாஸ்ரருக்கு நேரே இருந்துகொண்டு கேட்டார்:

"மாஸ்ரர், அவன் கேட்டுத்தான் வரவேணும் எண்டு நீங்கள் சொன்னனீங்கள். அப்ப நவாலிக்கு ஆர் அனுமதி குடுத்தது?"

அறையில் ஒருவரும் அசையவில்லை. யாரோ ஒருவர், அது பிசாசு செய்தது அக்கா, கர்த்தர் செய்யேல்லை என்றார். மாஸ்ரர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அவர் சொன்னவை எனக்கு மூன்றாகப் பிரிந்து நிற்கின்றன.

முதலாவது, பிசாசைச் சொல்லி மனிதரைத் தப்பவிடக்கூடாது. யூதாஸுக்குள் சாத்தான் புகுந்தான் என்று லூக்காவும் யோவானும் எழுதுகிறார்கள். அதற்காக யூதாஸ் குற்றமற்றவன் ஆகவில்லை. விமானம் ஓட்டியவனும் கட்டளை கொடுத்தவனும் கர்த்தருக்கு முன் பதில் சொல்ல வேண்டும். யாழ் ஆயர் தோமஸ் சவுந்தரநாயகம் ஆண்டகை நவாலிக்காகக் கடிதம் எழுதியது ஜனாதிபதிக்கு. மனிதரிடம் நீதி கேட்பது விசுவாசத்துக்கு எதிரானதல்ல, அது விசுவாசத்தின் கடமை.

இரண்டாவது, ஏன் என்ற கேள்விக்குத் தன்னிடம் விடை இல்லை என்றார். யோபுவுக்கும் சொல்லப்படவில்லை. சாத்தான் சந்நிதியில் வந்து நின்ற கதை வாசிக்கிற எங்களுக்குத்தான் தெரியும், யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. அப்படியிருந்தும், தமக்காகப் பரிந்து பேசிய நண்பர்களைக் கர்த்தர் கடிந்துகொண்டார், கோபித்துக் கேள்வி கேட்ட யோபுவே தம்மைக் குறித்துச் சரியாகப் பேசினான் என்றார். "நீ கேள் பிள்ளை. கேக்கிறது பாவமில்லை. ஆனா அவரிட்டக் கேள்."

மூன்றாவதைச் சொல்லும்போது அவருடைய குரல் உடைந்தது. "அனுமதி குடுத்தவர் பங்கருக்குள்ள இருந்து குடுக்கேல்லை. அதே குண்டுக்குக் கீழ அவரும் வந்து நிண்டவர்."

சிலுவையைத்தான் அவர் சொன்னார். எல்லாக் காலத்திலும் பிசாசுக்குக் கொடுக்கப்பட்ட மிகப் பெரிய அனுமதி அதுதான். கெத்செமனேயில் இயேசு அது இருளின் அதிகாரம் என்று சொன்னார். யூதாஸ், பிரதான ஆசாரியர், பிலாத்து, படைவீரர் எல்லாரும் தங்கள் தங்கள் விருப்பப்படியே அதைச் செய்தார்கள். ஆனால் தேவன் முன்குறித்த ஆலோசனைப்படியே அது நடந்தது என்று பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எருசலேமில் நின்று சொன்னார். துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் கிறிஸ்து வென்று வெளியரங்கமாக்கியது அதே சிலுவையில் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதினார். பிசாசு வென்றுவிட்டதாக நினைத்த இடமே அவன் தோற்ற இடம். அந்த வெற்றி ஆணிகளைத் தவிர்த்துக் கிடைக்கவில்லை, ஆணிகளினூடே கிடைத்தது.

அக்காவுக்கு அது அன்றைக்கு ஆறுதலாக இருந்ததா என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு அவருக்குப் பல வருடம் எடுத்தது. ஆனால் அவர் கர்த்தரோடு வழக்காடுவதை நிறுத்தவில்லை, கூட்டத்துக்கு வருவதையும் நிறுத்தவில்லை. பிற்காலத்தில் நவாலியில் ஒவ்வோர் ஆண்டும் நினைவுத் திருப்பலி நடக்கும்போது, இங்கே அவர் வீட்டில் நாங்களும் கூடுவோம். இறந்தவர்களை நினைப்போம், கொன்றவர்களுக்குத் தீர்ப்பு உண்டென்று வாசிப்போம், அவர்கள் மனந்திரும்பவும் வேண்டுவோம். இந்தக் கடைசிச் செபத்தை முதன்முதலில் சொன்னவர் அவர்தான்.

எங்கள் கூட்டமும் மாறியது. பிசாசைக் கடிந்துகொள்ளும் சத்தம் குறைந்தது. பிரதான தூதனான மிகாவேலே அவனோடு தர்க்கித்தபோது அவனைத் தூஷிக்கத் துணியாமல், கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக என்று மட்டும் சொன்னதை யூதா எழுதியிருக்கிறார். எங்களுக்கு அதைவிட என்ன துணிச்சல் வேண்டும்? இயேசுவின் நாமத்தினால் பிசாசுகளைத் துரத்தச் சீஷருக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால் அவர் தினமும் செபிக்கக் கற்றுக்கொடுத்த செபத்தில் பிசாசோடு ஒரு சொல்லும் பேசப்படவில்லை. தீமையிலிருந்து இரட்சிக்கும்படி பிதாவிடம் கேட்கிறோம், ராஜ்யமும் வல்லமையும் அவருக்கே உரியவை என்று முடிக்கிறோம். வழக்கு நிராகரிக்கப்பட்டவனுக்கு வழக்கறிஞரைத் தேடிக் கொடுத்தோம். குடிக்கிறவனை மறுவாழ்வு ஆலோசனைக்கு அனுப்பினோம். சம்பளம் கிடைக்காதவனோடு தொழிற்சங்கத்துக்குப் போனோம். பிசாசுக்குக் கொடுத்த நேரமெல்லாம் அயலானுக்குக் கிடைத்தது.

மாஸ்ரர் காலமாகிவிட்டார். இங்கே பிறந்த என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பிசாசு உண்மையா என்று அவர்கள் கேட்டதுண்டு. உண்மைதான் என்றே நான் சொன்னேன். அவன் படைக்கப்பட்டவன், படைத்தவரிடம் கேளாமல் உங்களை அவன் தொட முடியாது, அவர் விட்டுக்கொடுக்கும் இடத்திலும் அவர் உங்களுக்கு முன்னே போய் நிற்கிறார், அவன் பெயரைச் சொல்லி எவர் செய்யும் கொடுமைக்கும் இதைச் சாக்காக ஏற்காதீர்கள் என்றும் சொன்னேன். நவாலிக்கு இந்த உலகத்து நீதிமன்றம் எதுவும் இன்னும் நீதி செய்யவில்லை. செய்யும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மேலான நீதிமன்றத்தில் நீதிபதி ஒருவரே, அங்கே சாத்தானும் குற்றவாளிக் கூண்டில்தான் நிற்பான். பயம் கர்த்தர் ஒருவருக்கே உரியது. அதில் ஒரு பங்கையும் வேறொருவனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.